ஒரு துணுக்கு முழுக் கட்டியைச் சொல்லிவிடாது

மூளைக்கட்டி பற்றிப் பேசும்போது ஒரு கருத்து அடிக்கடி காதில் விழுகிறது: "கட்டி எங்கே என்பதை காண்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. காட்டும், எத்தகையது என்பதை பயாப்சி சொல்லும், மற்ற ஸ்கேன்கள் வீண் செலவு." கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டியைப் பொறுத்தவரை இந்த வாதத்தின் ஒவ்வொரு பகுதியும் தவறு.

ஒன்று: ஒளிரும் பகுதிதான் கட்டி என்பது.

ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு உடைந்த இடத்தில் கடோலினியம் என்ற காண்ட்ராஸ்ட் மருந்து கசிகிறது. படத்தில் வெள்ளையாகத் தெரிவது அந்தக் கசிவு. தடுப்பு உடையாத இடத்திலும் புற்றுசெல்கள் பரவியிருக்கும். 1987-இல் பேட்ரிக் கெல்லி குழுவினர், ஒளிரும் விளிம்புக்கு வெளியே எடுத்த பயாப்சிகளிலும் கட்டி செல்களைக் கண்டார்கள். 1928-இல் வால்டர் டேண்டி, க்ளியோமா (கிளியோபிளாஸ்டோமாவும் சேர்ந்த மூளைக்கட்டி இனம்) நோயாளிகளுக்கு வலது மூளை அரைக்கோளத்தையே அகற்றிய சிகிச்சையைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அப்படியும் நோய் திரும்பியது. மறுபுறம், கதிர்வீச்சால் புண்பட்ட திசுவும் கட்டியைப் போலவே ஒளிரும். பெவாசிசுமாப் மருந்து கசிவை அடைத்துவிட்டால், கட்டி வளரும்போதே படத்தில் ஒளி மங்கலாம்.

இரண்டு: ஒரு பயாப்சி போதும் என்பது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சீராக வெந்த சோற்றுக்கே பொருந்தும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, 11 நோயாளிகளின் கிளியோபிளாஸ்டோமாவில் பல இடங்களிலிருந்து திசுத் துணுக்குகளை எடுத்துச் சோதித்தது. பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஒரே கட்டிக்குள் வெவ்வேறு மரபணு வகைகள் இருந்தன. 2014-இல் ஐந்து கட்டிகளின் 430 செல்களைத் தனித்தனியே ஆராய்ந்தபோதும் அதே கலப்புதான் தெரிந்தது. பயாப்சி ஊசி எந்த இடத்தில் இறங்குகிறது என்பதைப் பொறுத்து விடை மாறலாம். சாதுவான மூலையிலிருந்து எடுத்த துணுக்கு, நோயின் தீவிரத்தைக் குறைத்துக் காட்டிவிடலாம்.

மூன்று: மற்ற ஸ்கேன்கள் ஆடம்பரம் என்பது.

ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை தேடுகிறது. செல்கள் நெருங்கியிருக்கும் இடத்தில் நீர் மூலக்கூறுகளின் அசைவு குறைவதை டிஃப்யூஷன் படம் காட்டுகிறது. புது ரத்தக்குழாய்கள் முளைத்த இடத்தை பெர்ஃப்யூஷன் காட்டுகிறது. ஸ்பெக்ட்ரோஸ்கோபி வேதிப்பொருள்களை அளக்கிறது, ஐ.டி.எச். மரபணு மாற்றம் உள்ள கட்டியில் சேரும் 2-ஹைட்ராக்ஸிகுளுட்டரேட் என்ற பொருளையும் அதன் மூலம் கண்டறிய முடியும். வழக்கமான பெட் ஸ்கேன் குளுக்கோஸை வைத்துத் தேடுகிறது. நல்ல மூளையே குளுக்கோஸை வாரி உண்பதால், அதன் நடுவே கட்டி மறைந்துபோகலாம். எஃப்.இ.டி. போன்ற அமினோ அமிலப் பெட் ஸ்கேனில் அந்தச் சிக்கல் குறைவு. ஆகவே எங்கே ஊசி இறக்குவது என்பதற்கு அது நல்ல வழிகாட்டி.

இதைக் கேட்டு, ஸ்கேனே பயாப்சியின் இடத்தைப் பிடித்துவிடும் என்று எண்ணுவதும் பிழை. கருவி மாறினால் அளவுகள் மாறும். நீரின் அசைவு சீழ்க்கட்டியிலும் குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடு கேட்கும் மரபணு விடைகளில் பெரும்பாலானவை திசுவிலிருந்துதான் கிடைக்கும்.

2005-இல் வெளியான பெரிய ஆய்வில், கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடு மருந்தும் பெற்ற கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 14.6 மாதங்கள். இவ்வளவு குறுகிய காலத்தில் தவறான இடத்துத் துணுக்கை நம்பி நாள்களை இழக்க யாராலும் முடியாது. முதலில் பலவகைப் படங்களால் கட்டிக்குள் இருக்கும் வேறுபாட்டை வரைந்துகொள்ள வேண்டும். அதைப் பார்த்தே ஊசியின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். துணுக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஆய்வறிக்கை ஒவ்வொன்றும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.