எழுத்தாளனை விரட்டலாம், எழுத்தை விரட்ட முடியுமா?

1908ம் ஆண்டு. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வெற்றி கண்டனர். அவர்களுக்குத் தோள்கொடுத்த வ.உ.சி.யை ஆங்கில சர்க்கார் சிறையில் தள்ளியது. வ.உ.சி.யை ஆதரித்த 'இந்தியா' வாரப் பத்திரிகையின் மீதும் பாய்ந்தது. சட்டப்படி ஆசிரியராக இருந்த சீனிவாசனுக்கு 5 ஆண்டு சிறை. எழுதிய பாரதியோ பிரெஞ்சுப் புதுச்சேரிக்குத் தப்பி வந்தார்.

பத்தாண்டுகள் அஞ்ஞாதவாசம்! வீட்டைச் சுற்றி ஒற்றர்கள், வீட்டுக்குள் வறுமை. புதுவையில் மீண்டும் பிறந்த 'இந்தியா' ஆங்கில எல்லைக்குள் நுழையத் தடை. 1910ல் பத்திரிகை நின்றது. ஆனால் பேனா நிற்கவில்லை. 'பாஞ்சாலி சபத'மும், 'கண்ணன் பாட்டு'ம், 'குயில் பாட்டு'ம் அந்த வறுமையில்தான் பிறந்தன.

இதற்காகப் பிரெஞ்சு ஆட்சிக்கு நன்றி சொல்ல வேண்டுமா? காரைக்கால் துறைமுகத்தைக் கேளுங்கள்! சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நம் ஏழை மக்களை ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியனுக்கும் மர்த்தினீக்குக்கும் கப்பலேற்றியது அதே ஆட்சி. 1936 ஜூலை 30ல் புதுச்சேரி சவானா மில்லில் 12 தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றதும் அதே ஆட்சிதான்.

அந்த மர்த்தினீக்குக்கு 1941ல் இன்னொரு அகதி வந்தார். அவர் ஜெர்மன் யூத நாவலாசிரியை, கம்யூனிஸ்ட், அன்னா ஸேகர்ஸ். 1933ல் நாஜிகள் அவரைக் கைது செய்து விட்டனர். அவருடைய நூல்களைத் தீயிட்டனர். பாரிசுக்கு ஓடினார், ஹிட்லர் படை அங்கும் வந்தது. கணவரைப் பிரெஞ்சு சர்க்கார் முகாமில் அடைத்தது. மர்த்தினீக்கிலும் முகாம்தான்! மெக்சிகோ போய்ச் சேர்ந்த பின்னரே மூச்சு விட்டார். தாயை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. 1942ல் நாஜிகள் அந்த மூதாட்டியைப் போலந்துக்கு நாடுகடத்தினர். அவர் திரும்பவில்லை. ஆனால் அதே ஆண்டு மகளின் 'ஏழாவது சிலுவை' வெளிவந்து, நாஜி முகாம்களின் கொடுமையை உலகுக்குச் சொன்னது.

பாரதி 1918ல் எல்லை தாண்டியதும் கடலூரில் கைது. நிபந்தனைகளுக்கு உடன்பட்டே வெளியே வந்தார். அதைக் குற்றமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை; பத்தாண்டுப் பட்டினியை அனுபவித்தவர் அவர். 1921ல், 38 வயதில் மறைந்தார்.

தோழர்களே! எந்தக் கொடியும் எழுத்தாளனுக்கு நிரந்தர நிழலல்ல. படிக்கும் மக்களே அவனுக்கு நிழல். மில் வாசலிலும் வயல் வரப்பிலும் ஒருவர் படிக்க, பத்துப்பேர் கேட்கட்டும். பத்திரிகையை முடக்க வரும்போது, கூலியைக் குறைக்க வந்ததாகவே எண்ணி எதிர்த்து நில்லுங்கள். எழுதியவன் வாயை அடைத்தவர்கள், அடுத்து உழைப்பவன் வயிற்றில் கை வைப்பார்கள். கோரல் மில்லும் 'இந்தியா'வும் ஒரே ஆண்டில் கற்றுத் தந்த பாடம் இது!