ஊசியைக் குறை சொல்லுமுன் அவளிடம் கேளுங்கள்



புசல்லாவை வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வொய்ஸ் கட் சுற்றுகிறது. "குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையும் மூன்று மாத ஊசியும் பெண்களின் மூளையைக் கெடுத்துவிடும், விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள்" என்கிறது. அதை அனுப்பியவர்களில் படித்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு டீச்சராக, ஒரு பெண்ணாக, பேசாமல் இருக்க முடியவில்லை.

2018 பெப்ரவரி மறந்துவிட்டதா? அம்பாறையில் நம்மவர் கடைச் சாப்பாட்டில் ‘வந்தபெத்தி’ கலந்ததாகக் கதை கட்டினார்கள். கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். பிறகு பரிசோதித்துப் பார்த்தால் அது வெறும் மாவுக்கட்டி. அந்தச் சூடு ஆறுமுன் மார்ச்சில் நம் கண்டி மாவட்டத்தில் திகன எரிந்தது. மாத்திரைப் பொய்யால் அடிபட்ட நாமே இன்னொரு மாத்திரைக் கதையை விசாரிக்காமல் பரப்பலாமா? வந்த செய்தியை விசாரி என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை இல்லையா?

சரி, விஞ்ஞானிகள் உண்மையில் என்ன கண்டார்கள்? அமெரிக்காவில் லோரா பிரிட்செட் என்ற ஆய்வாளர் தொடர்ந்து 30 நாள் தன் மூளையையே ஸ்கேன் செய்தார். ஹோர்மோன் ஏறி இறங்க, மூளைப் பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும் விதமும் மாறியது. 2020இல் அது வெளியானது. மாறியது என்றால் கெட்டது என்று அர்த்தமில்லை. ஆண்களின் ஹோர்மோனும் காலையில் கூடி மாலையில் குறைகிறது. அதைக் காட்டி "மாலையில் வியாபாரம் பேசாதே" என்று யாரும் எந்த நானாவிடமும் சொல்வதில்லை. பெண்ணென்றால் மட்டும் "மாதத்தில் சில நாள் புத்தி தடுமாறுகிறவள் எப்படிக் காதியாவாள்?" என்று கேட்கிறார்கள். இந்த ஆய்வு அதற்குச் சாட்சி சொல்லவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. "மாத்திரைக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லை" என்று பெண்ணை வாயடைக்கச் செய்வதும் தப்பு. டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்த ஆய்வு 2016இல் வந்தது. முதன்முறையாக மனச்சோர்வு மருந்து எடுக்கத் தொடங்கியவர்கள், ஹோர்மோன் முறை பாவிக்காதவர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு 1.7, பாவித்தவர்களில் 2.2. இளவயதுப் பிள்ளைகளிடம் வித்தியாசம் இன்னும் கூட. இதை வைத்து மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதேநேரம், தூக்கித் தள்ளவும் முடியாது. மூன்று மாத ஊசியின் விபரத்தாளிலேயே மனச்சோர்வு பற்றிய எச்சரிக்கை உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு ஆகிறது. அந்தச் சிலர் யாரிடம் சொல்வது?

வீட்டில் சொன்னால் "வேலை செய்யக் கள்ளம்". மாமியிடம் சொன்னால் "ஜின் பார்வை". கிளினிக் வரிசையில் நின்று சொன்னால் "எல்லாருக்கும் அப்படித்தான், போகப் போகச் சரியாகும்". தோட்டத்துச் சகோதரிகள் பாடு இன்னும் மோசம். கொழுந்துச் சம்பளத்தை விட்டுவிட்டு இன்னொரு நாள் கிளினிக் போக முடியுமா? மாத்திரை என்றால் நாளைக்கே நிறுத்தலாம். போட்ட ஊசியைத் திருப்பி எடுக்க முடியாது. மூன்று மாதம் உடம்பில் இருக்கும். அதனால்தான் போடுவதற்கு முன்பே பேச வேண்டும்.

சகோதரிகளே, மனம் சரியில்லையென்றால் இரண்டு மாதம் ஒரு கொப்பியில் திகதியும் மனநிலையும் எழுதுங்கள். மாதவிடாய்க்கு முன் மட்டும் வருகிறதா, ஊசிக்குப் பிறகு தொடங்கியதா என்பது அதில் தெரியும். அதைக் கொண்டுபோய் மிட்வைஃப் மிஸ்ஸிடமோ டொக்டரிடமோ காட்டி, வேறு முறை கேளுங்கள். கொப்பர் லூப்பில் ஹோர்மோனே இல்லை. கேட்காமல் நீங்களாக நிறுத்தி, நினைக்காத கர்ப்பத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் இரண்டு மாதம் பொறுக்க வேண்டாம். உடனே 1926க்கு எடுங்கள்.

கணவன்மாரே, அந்த வொய்ஸ் கட்டை அழித்துவிடுங்கள். இன்றிரவு மனைவியிடம் "ஊசி போட்ட பிறகு உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் சொல்லி முடியும் வரைக்கும் ஃபோனைக் கையில் எடுக்காதீர்கள்.