கொடுத்தவருக்கும் வாக்கு வேண்டும்

கைபேசியில் இணையம் எட்டிப்பார்த்த காலத்தில் இணையதளம் நடத்தியவர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று இருந்தது. 1999இல் வந்த நோக்கியா 7110இன் திரை அகலம் 96 புள்ளிகள். 2003இல் வந்த நோக்கியா 6600இல் அது 176. முன்னது கறுப்பு வெள்ளை, பின்னது வண்ணம். ஒரு மாடலில் ஒழுங்காகத் திறக்கும் பக்கம் அடுத்த மாடலில் சிதறிக் கிடக்கும். வாசலில் வந்து நிற்பது எந்தக் கருவி என்று தெரிந்தால்தான் அதற்கேற்ற பக்கத்தைக் கொடுக்க முடியும். அதைச் சொல்லத்தான் 2000களின் தொடக்கத்தில் லூக்கா பஸ்ஸானி, அந்திரேயா டிரசாட்டி ஆகிய இருவர் ‘வர்ஃபல்’ என்ற திறமூலத் தரவுக் கோப்பைத் தொடங்கினார்கள்.

பல நாட்டு நிரலாளர்கள் தங்கள் கையிலிருந்த கைபேசிகளைச் சோதித்துப் பார்த்து விவரம் அனுப்பினார்கள். திரையின் அளவு என்ன, எந்த வகைப் படம் தெரியும், எந்த வகைப் பக்கத்தை உலாவி புரிந்துகொள்ளும் என்று வரி வரியாகக் கோப்பு வளர்ந்தது. அதன் அமைப்பே கூட்டு உழைப்புக்கு ஏற்றது. புதிய மாடலுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. எந்தப் பழைய மாடலின் வாரிசு என்று குறித்து, மாறுபடுவதை மட்டும் எழுதினால் போதும். ஆகவே ஒருவர் எழுதிய வரி இன்னொருவர் எழுதிய வரியின் மேல்தான் நின்றது. என் பங்கு இது, உன் பங்கு அது என்று பிரித்தெடுக்க வழியில்லாதபடி பின்னிக்கிடந்த உழைப்பு அது.

2011 ஜூனில் இந்தக் கோப்பை மையமாக வைத்து சயன்ஷியாமொபைல் என்ற நிறுவனம் உருவானது. நிறுவியவர்களில் பஸ்ஸானியும் ஒருவர். அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் உரிமம் மாறியது. அதன்பின் வந்த தரவு திறமூலம் அல்ல. பழைய பதிப்பையும் வேறு சில மூலங்களையும் கொண்டு ‘ஓப்பன்டிடிஆர்’ என்ற மாற்றுத் தரவுத்தளத்தைச் சிலர் உருவாக்கினார்கள். 2012 ஜனவரி தொடக்கத்தில், அமெரிக்காவின் டிஎம்சிஏ பதிப்புரிமைச் சட்டப்படி அதை நீக்கக் கோரி நிறுவனம் அறிவிப்பு அனுப்பியது. தாங்கள் எடுத்தது திறந்த உரிமத்தில் இருந்த பதிப்பு என்றது எதிர்த்தரப்பு. அப்பாச்சி அறக்கட்டளையின் குடையின்கீழ் ‘டிவைஸ்மேப்’ என்ற பெயரில் நடந்த மாற்று முயற்சியும் சில ஆண்டுகளில் ஓய்ந்து, கைவிடப்பட்ட திட்டங்களை ஏற்றிவைக்கும் பரணுக்குப் போய்விட்டது.

அந்தத் தகராறில் யார் பக்கம் சட்டம் நின்றது என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. நம் கவலை வேறு. வரிகளை அனுப்பியவர்களுக்கு இதில் பேச ஓர் இடமே இருக்கவில்லை. உரிமத்தை மாற்றலாமா என்று அவர்களிடம் வாக்குக் கேட்க, தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவோ அறக்கட்டளையோ அத்திட்டத்துக்கு இல்லை. ஊர் கூடி இழுத்த தேரை எந்தத் தெருவில் திருப்புவது என்பதை, வடம் பிடித்தவர்களைக் கேட்காமலே தீர்மானிக்க முடிந்தது.

நிரலில் இது இவ்வளவு எளிதாக நடக்காது. நிரல் எழுதியவருக்குத் தான் எழுதிய வரிகளின் மேல் பதிப்புரிமை உண்டு. லினக்ஸ் கருநிரலின் பதிப்புரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடப்பதால், அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே நினைத்தாலும் அதன் உரிமத்தைத் தனியாக மாற்ற முடியாது. தரவின் கதை வேறு. ‘இந்தக் கைபேசியின் திரை 176 புள்ளி அகலம்’ என்பது ஓர் உண்மை. உண்மைக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது என்று தொலைபேசி விவரத் தொகுப்பு பற்றிய ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் சொல்லிவிட்டது. தேர்ந்து அடுக்கிய விதத்தில் புதுமை இருந்தால் அதற்கு மட்டுமே பாதுகாப்பு. ஐரோப்பாவில் 1996ஆம் ஆண்டின் தரவுத்தள நெறிமுறை இன்னும் ஒருபடி மேலே போய், பெருமுதலீடு செய்து தரவைத் திரட்டியவருக்கு 15 ஆண்டு உரிமை தருகிறது. கல்யாண வீட்டில் மொய் வைப்பவரின் ஊரும் பேரும் நோட்டில் ஏறும். இங்கே சட்டத்தின் நோட்டில் கொடுத்தவர் பேரே இல்லை. பந்தல் போட்டவர் பேர் மட்டும்தான் இருக்கிறது.

ஆகவேதான் நிரல் திட்டத்தைவிடத் தரவுத் திட்டத்துக்கு நிர்வாக விதிகள் அதிகம் தேவை என்கிறோம். சட்டம் காக்காத இடத்தில், திட்டத்தின் சொந்த விதி காக்க வேண்டும். அந்த விதியை முதல் வரி வந்துசேரும் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

பராமரிப்பவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. வந்து விழும் விவரங்களில் பிழை களைவது, இரட்டைப் பதிவுகளை நீக்குவது, வாரந்தோறும் சந்தைக்கு வரும் புது மாடல்களைத் துரத்திப் பிடிப்பது எல்லாம் ஓய்வு நேரத்தில் செய்து முடிகிற வேலையல்ல. பெரிய நிறுவனங்கள் இலவசமாக எடுத்துக்கொண்டு, ஒரு திருத்தம்கூடத் திருப்பி அனுப்பாமல் இருக்கும்போது கோபம் வருவதும் இயல்பு. பராமரிப்பவர் வயிற்றில் ஈரத்துணி கட்டிக்கொண்டு உழைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பணம் ஈட்டக் கதவைச் சாத்துவது ஒன்றுதான் வழி என்பதை ஏற்க முடியாது.

இசைத்தட்டுகளின் கதை இதற்குச் சான்று. கணினியில் குறுந்தட்டைப் போட்டால் பாடல்களின் பெயர் தானாக வர உதவிய சிடிடிபி தரவுத்தளத்தில், பெயர்களைத் தட்டச்சு செய்து சேர்த்தவர்கள் சாதாரண ரசிகர்கள். அது 1998இல் விற்கப்பட்டு, பின்னர் கிரேஸ்நோட் என்ற வணிக நிறுவனமானது. அந்த நிறுவனத்தை 2008இல் சோனி சுமார் 26 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தக் கசப்பில் பிறந்த மியூசிக்பிரெயின்ஸ் திட்டம் வேறு வழியில் போனது. தரவு லாப நோக்கற்ற அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. அடிப்படைத் தரவு எல்லாருக்கும் பொது. உடனுக்குடன் புதுப்பிக்கப்படும் தரவு ஓட்டத்தை வணிகத்துக்குப் பயன்படுத்துவோரிடம்தான் கட்டணம். சேவைக்கு விலை உண்டு, தரவுக்குப் பூட்டு இல்லை.

உரிமத்தையே மாற்ற வேண்டிய நிலை வந்தால் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் முன்மாதிரி. 2004இல் தொடங்கிய அந்த உலக வரைபடத் திட்டம் 2012 செப்டம்பரில் புதிய உரிமத்துக்கு மாறியது. அதற்குமுன் பங்களித்தவர்களிடம் தனித்தனியே சம்மதம் கேட்டார்கள். சம்மதம் தராதவர்கள் வரைந்த சாலைகள் வரைபடத்திலிருந்தே அகற்றப்பட்டன. ஆஸ்திரேலியா, போலந்து வரைபடங்களில் ஓட்டை விழுந்தது. வலித்தது, ஆனாலும் செய்தார்கள். இனி உரிமம் மாற வேண்டுமென்றால் தீவிரப் பங்களிப்பாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும் என்று விதியும் எழுதினார்கள். கடந்த 12 மாதங்களில் ஏதேனும் 3 மாதங்கள் பங்களித்திருந்தால் வாக்கு உண்டு என்று வரையறுத்தும் வைத்திருக்கிறார்கள். பெருங்கூட்டத்திடம் கருத்துக் கேட்பது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டாம்.

இது எங்கோ நடக்கும் கணினிக்காரர்களின் சண்டை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. மொசில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ திட்டத்துக்குத் தமிழர்கள் குரல் கொடுத்துவருகிறார்கள். ஒன்றிய அரசின் பாஷினி திட்டமும் ‘பாஷாதான்’ என்ற பெயரில் பேச்சையும் மொழிபெயர்ப்பையும் மக்களிடம் கேட்கிறது. தானம் என்று பெயர் வைத்துவிட்டதால் கொடுத்தவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை இல்லாமல் போய்விடாது. செயற்கை நுண்ணறிவுக்கு மொழித் தரவு எவ்வளவு மதிப்புள்ளது என்பது தெரிந்துவிட்ட காலத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

மூன்று விதிகளை நாம் வலியுறுத்துகிறோம். ஒன்று, பொதுமக்கள் சேர்த்த தரவு தனி ஆளின் பெயரிலோ லாப நோக்குள்ள நிறுவனத்தின் பெயரிலோ இல்லாமல், கணக்குக் காட்டும் பொது அமைப்பின் பொறுப்பில் இருக்க வேண்டும். இரண்டு, உரிமம் மாறும் முன் பங்களித்தவர்களிடம் வாக்கெடுக்க வேண்டும். மூன்று, முழுத் தரவையும் யார் வேண்டுமானாலும் குறித்த இடைவெளியில் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டுவர வேண்டும். வெளியிட்ட பதிப்பின் உரிமத்தைப் பின்னால் எவரும் திரும்பப் பெறக் கூடாது. அரசு நடத்தும் திட்டங்கள் இதில் முதலில் வழிகாட்ட வேண்டும். அங்கே செலவாவது பொதுப்பணம்.

பங்களிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை ஒரு திட்டம் உங்கள் குரலையோ, தெருவையோ, கைபேசி விவரத்தையோ கேட்டால், அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் அதன் விதிமுறைகளைத் திறந்து, உரிமத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அங்கே பதில் இல்லையென்றால், கேட்டு எழுதுங்கள். பதில் வரும்வரை உங்கள் தரவு உங்களிடமே இருக்கட்டும்.