மெதுவாக இறங்கினால்தான் நல்ல விமானியா?

விமானம் ஓடுபாதையைத் தொட்டதே தெரியாமல் இறங்கினால், "நல்ல விமானி" என்று பாராட்டுகிறோம். சில பயணங்களில் கைதட்டலும் கேட்கும். அதே விமானம் 'டம்' என்று மோதி இறங்கிவிட்டால், "யாருப்பா ஓட்டுறது?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். வெளியேறும்போது விமானியறைப் பக்கம் கிண்டலாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவோம்.

இது விமானிகளுக்கும் தெரியும். மிக மென்மையான தரையிறக்கத்துக்கு அவர்கள் 'கிரீசர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு இறங்கியது என்று பொருள். ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த விமானிக்கும் ஒரு முரட்டுத் தரையிறக்கம் மனத்தை உறுத்தும். பின்னால் 180 பேர் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறார்கள் அல்லவா?

அந்த மதிப்பெண் முறையே தவறு என்பது என் கருத்து. அதை நம்பி நடக்கும் விமானி ஆபத்தானவர். மாணவர்களே, இதை நீங்கள் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். இயற்பியல் பாடத்தில் படித்த சூத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதுகு அளப்பது எதை?

ஏர்பஸ் 320 போன்ற ஒரு விமானம் 60 டன் எடையுடன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 70 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஓடுபாதையை நோக்கி அது 3 பாகைச் சரிவில் வருகிறது. 70-ஐ சைன் 3 பாகையால் பெருக்கினால் விநாடிக்கு ஏறக்குறைய 3.6 மீட்டர் கிடைக்கும். விமானம் கீழ்நோக்கி வரும் வேகம் இதுதான்.

இதே வேகத்தில் தரையில் மோதினால் சக்கரத் தொகுதி தாங்காமல் போகலாம். பெரிய பயணிகள் விமானங்களின் சக்கரத் தொகுதி, முழு இறங்கு எடையுடன் விநாடிக்கு 3.05 மீட்டர் வேகம் வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே, தரைக்குச் சுமார் 9 மீட்டர் உயரத்தில் விமானி மூக்கைச் சற்றே உயர்த்துகிறார். இதற்கு 'ஃபிளேர்' என்று பெயர். கீழ்நோக்கு வேகம் விநாடிக்கு 1 மீட்டர் அளவுக்குக் குறைந்ததும் சக்கரங்கள் தரையைத் தொடுகின்றன.

இப்போது இயக்க ஆற்றலைக் கணக்கிடுங்கள். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். கீழ்நோக்கு வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்றால் ஆற்றல் 30,000 ஜூல். வேகம் 3 மீட்டர் ஆனால் 270,000 ஜூல். வேகம் மூன்று மடங்கானால் ஆற்றல் ஒன்பது மடங்காகிறது. நம் முதுகெலும்பு உணரும் 'டம்' இதிலிருந்துதான் வருகிறது.

விமானம் முன்னோக்கிப் போகும் வேகத்துக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 14 கோடியே 50 லட்சம் ஜூல் வருகிறது. நாம் முகம் சுளிக்கும் முரட்டு மோதலின் ஆற்றலைவிட இது 500 மடங்குக்கும் அதிகம். இந்த ஆற்றல் முழுவதையும் ஓடுபாதை முடிவதற்குள் கரைத்தாக வேண்டும். விமானியின் பெரிய வேலை இதுதான். ஆனால், வேகம் குறைந்து விமானம் ஓடுபாதையைவிட்டு விலகும் நேரத்தில் நாம் கைப்பேசியைத் திறந்து குறுஞ்செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறோம். சிறிய ஆற்றலுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, பெரியதைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறோம்.

மழை நாளில் 'டம்' நல்லது

நம் ஊரில் மாலை மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பிற்பகலில் கொட்டித் தீர்க்கும். ஓடுபாதையில் தண்ணீர் படர்ந்திருக்கும்போது வேகமாக வரும் சக்கரம் தரையைத் தொடாமல் நீர்ப்படலத்தின் மேலேயே சறுக்கக்கூடும். இதை 'அக்குவாபிளேனிங்' என்பார்கள். மழையில் மோட்டார் சைக்கிள் வழுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே உராய்வு இல்லையென்றால் பிரேக் பிடித்தும் பயனில்லை.

இத்தகைய நேரத்தில் விமானி சற்று அழுத்தமாகவே இறக்க வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அழுத்தமாக இறங்கினால் சக்கரம் நீர்ப்படலத்தைப் பிளந்து தரையைப் பிடிக்கும், உடனே சுழலத் தொடங்கும். சக்கரம் சுழல்வதையும் விமானத்தின் எடை அதன்மேல் இறங்குவதையும் உணர்கருவிகள் கண்டறிந்ததும், இறக்கையின் மேலுள்ள 'ஸ்பாய்லர்' தகடுகள் எழும். அவை இறக்கையின் தூக்குவிசையைக் குறைத்து, விமானத்தின் எடையைச் சக்கரங்களுக்கு மாற்றும். அதன் பிறகுதான் பிரேக் முழு பலத்துடன் வேலை செய்யும்.

'கிரீசர்' ஆசையோடு இறக்கும் விமானியோ, தரைக்கு ஒரு முழ உயரத்தில் விமானத்தை மிதக்க விடுவார். ஒவ்வொரு விநாடிக்கும் 70 மீட்டர் ஓடுபாதை வீணாகிறது. 5 விநாடி மிதந்தால் 350 மீட்டர் போயிற்று. ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து 900 மீட்டருக்குள், குறுகிய ஓடுபாதையாக இருந்தால் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள், சக்கரம் தரையைத் தொட வேண்டும் என்று ஓர் எல்லை வைத்திருப்பது இதற்காகத்தான். சரியான இடத்தில், சரியான வேகத்தில், ஓடுபாதையின் நடுக்கோட்டில் இறங்குவதே நல்ல தரையிறக்கம். மென்மை கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் குறையில்லை.

திரும்பிப் போகத் தெரிய வேண்டும்

சில நேரம் இறங்காமல் இருப்பதே சிறந்த முடிவு. வேகம் அதிகமாக இருக்கிறது, உயரம் சரியில்லை, காற்று திடீரென மாறுகிறது என்றால் விமானி விசையைக் கூட்டி மீண்டும் மேலே ஏறிவிட வேண்டும். இதற்குப் பெயர் 'கோ அரவுண்ட்'. நாம் மறுசுற்று என்று சொல்லலாம். சுற்றி வந்து மறுபடியும் இறங்க முயல, சில நிமிடங்களும் கொஞ்சம் எரிபொருளும் செலவாகும், அவ்வளவுதான்.

ஆனால், நிலையற்ற முறையில் ஓடுபாதையை நெருங்கும் விமானங்களில் ஏறக்குறைய 3 விழுக்காடுதான் மறுசுற்றுக்குப் போகின்றன என்று 'ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன்' அமைப்பு கூறுகிறது. மற்றவை எப்படியோ சமாளித்து இறங்கிவிடுகின்றன. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதுவே பழக்கமாகிவிடுகிறது.

2007 மார்ச் 7-ஆம் தேதி இந்தோனேசியாவின் ஜோக்ஜகார்த்தாவில் நடந்ததைப் பாருங்கள். கருடா இந்தோனேசியாவின் 200-ஆம் எண் விமானம், போயிங் 737, மிகையான வேகத்தில் ஓடுபாதையை நெருங்கியது. எச்சரிக்கைக் கருவி திரும்பத் திரும்ப ஒலித்தது. துணை விமானியும் மறுசுற்றுக்குப் போகும்படி கூறினார். தலைமை விமானியின் கவனமோ இறங்குவதிலேயே பூட்டப்பட்டிருந்தது. வழக்கமாக மணிக்குச் சுமார் 248 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொட வேண்டிய விமானம், 409 கிலோமீட்டர் வேகத்தில் தொட்டது. வேகத்தின் வர்க்கத்தைக் கணக்கிடுங்கள். ஆற்றல் இரண்டரை மடங்குக்கும் மேல் வருகிறது. ஓடுபாதையின் நீளமோ 2.2 கிலோமீட்டர்தான். விமானம் அதைத் தாண்டி ஓடி, ஒரு வயலில் போய் நின்று எரிந்தது. அதில் இருந்த 140 பேரில் 21 பேர் உயிரிழந்தனர்.

"இந்த முறை சரியாக வரவில்லை, மறுபடி முயல்கிறேன்" என்று சொல்வதற்குத் திறமையும் வேண்டும், தன்மானத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கும் மனமும் வேண்டும். நீங்கள் போகும் விமானம் இறங்கும் நேரத்தில் திடீரென்று மேலே ஏறினால் பயப்படாதீர்கள். கைதட்ட வேண்டுமென்றால் அப்போது கைதட்டுங்கள்.

மறைக்கப்படும் 'டம்'

முரட்டுத் தரையிறக்கம் எதுவும் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. முன்னோக்கிய ஆற்றல் பெரிதாக இருந்தாலும் அது அரை நிமிட அளவில் மெல்லக் கரைகிறது. கீழ்நோக்கிய ஆற்றலோ ஒரு நொடிக்குள் சக்கரத் தொகுதியில் இறங்குகிறது. நேரம் குறையக் குறைய விசை கூடும். எல்லை மீறிய மோதல் என்றால் டயர், அதிர்ச்சி தாங்கும் தண்டு, இறக்கை உடலோடு சேரும் இடம், உடலின் வெளித்தகடு எல்லாவற்றையும் பொறியாளர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும். தகட்டில் சிறு சுருக்கம் தெரிந்தாலும் அதற்குப் பொருள் உண்டு.

இங்கேதான் காயப்பட்ட பெருமை உண்மையில் ஆபத்தாகிறது. "கொஞ்சம் பலமாகத்தான் இறங்கிவிட்டது, எழுதினால் நாலு பேர் சிரிப்பார்கள்" என்று விமானி பதிவேட்டில் எழுதாமல் போனால், அடுத்த ஒரு மணி நேரத்தில் அதே விமானத்தில் வேறு 180 பேர் ஏறுவார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. விமானத்தின் பதிவுக் கருவிகள் அதிர்வை அளந்து வைத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால், அந்தத் தரவை யாராவது எடுத்துப் பார்ப்பதற்குள் விமானம் மீண்டும் பறந்திருக்கலாம். விமானி உடனே சொல்லும் ஒரு வார்த்தைக்கு ஈடு இல்லை.

அப்படிச் சொல்ல வேண்டுமென்றால், சொன்னவரை அவமானப்படுத்தாத சூழல் வேண்டும். அமெரிக்காவில் 1976-ஆம் ஆண்டிலிருந்து நாசா ஒரு திட்டத்தை நடத்தி வருகிறது. விமானிகள் தங்கள் தவறுகளையும் ஆபத்தான அனுபவங்களையும் அதற்கு எழுதி அனுப்பலாம். எழுதியவரின் அடையாளம் வெளியே வராது. அந்த அறிக்கைகளிலிருந்து மற்ற விமானிகள் பாடம் கற்கிறார்கள்.

1968 நவம்பர் 22-ஆம் தேதி ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, மூடுபனியில் சான் பிரான்சிஸ்கோ ஓடுபாதைக்கு முன்பாகவே விரிகுடாத் தண்ணீரில் இறங்கிவிட்டது. ஆழம் குறைவான இடம். உள்ளே இருந்த 107 பேரும் உயிர் பிழைத்தனர். விமானத்தைக்கூடத் தூக்கியெடுத்துப் பழுதுபார்த்து மீண்டும் பறக்கவிட்டார்கள். தலைமை விமானி ஆசோ, தவறு தம்முடையதே என்று சுற்றிவளைக்காமல் ஒப்புக்கொண்டவர் என்று இன்றும் பேசப்படுகிறார். சாக்குப்போக்கு இல்லாமல் தவறை ஏற்பதற்கு 'ஆசோ தற்காப்பு' என்ற பெயரே வந்துவிட்டது. விசாரணை இன்னொன்றையும் கண்டறிந்தது. அந்த விமானத்தின் தானியங்கி வழிகாட்டிக் கருவிகளைப் பயன்படுத்துவதில் போதிய பழக்கம் இருக்கவில்லை என்பதும் ஒரு காரணம். ஒருவரைத் திட்டுவதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் காரணம் கிடைத்திருக்காது.

"அப்படியானால் தவறு செய்கிற விமானியை எல்லாம் மன்னித்துவிடலாமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தவறுவது வேறு, விதியை வேண்டுமென்றே மீறுவது வேறு, நடந்ததை மறைப்பது வேறு. தவறிய விமானியைப் பறத்தல் பாவிப்புக் கருவியில் உட்கார வைத்து மறுபடி பயிற்சி கொடுக்கலாம். மீறியவரையும் மறைத்தவரையும் கண்டிப்பாகத் தண்டிக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே தண்டனை என்றால், எல்லாரும் மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள்.

இது விமானிகளுக்கு மட்டும் உரிய பாடம் இல்லை. அறிவியல் கூடத்தில் ஊசல் சோதனை செய்யும்போது 9.81-க்குப் பதிலாக 8.9 வந்தால், அழிப்பானைத் தேடும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். பக்கத்து மேசைக்காரர் சிரிப்பாரே என்ற கூச்சம். அந்த 8.9-ஐ அப்படியே எழுதுங்கள். நூலின் நீளத்தைத் தவறாக அளந்தீர்களா, அலைவுகளை எண்ணும்போது ஒன்றை விட்டுவிட்டீர்களா என்று தேட அந்த எண் வேண்டும். அழித்துவிட்டால் தேடுவதற்கு எதுவும் மிஞ்சாது. அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது ஆசிரியர்களாகிய எங்கள் பொறுப்பு.