யார் வடிவமைத்த கதிரை?



பத்திரிகைகளின் வீட்டு அலங்காரப் பக்கங்களில் "அதே தோற்றம், குறைந்த விலை" என்று கதிரை, மேசைகளின் படங்கள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். விலை இருக்கும், கடையின் பெயர் இருக்கும். ஆனால் அதை முதலில் வடிவமைத்தவர் யார், செய்த தொழிலாளி யார் என்பதை எழுதுவோர் குறைவு.

ஒரு கதிரையின் கதையைப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டு நியூயோர்க்கிலுள்ள நவீன கலை அருங்காட்சியகம், மலிவான தளபாடங்களை வடிவமைப்பதற்கென்றே ஒரு சர்வதேசப் போட்டியை நடத்தியது. சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியரின் தொழிற்கூடம் அதில் பங்குபற்றியது. அந்த யோசனை வளர்ந்து, 1950இல் கண்ணாடியிழையில் வார்த்த கதிரையாக விற்பனைக்கு வந்தது. நல்ல பொருளைக் குறைந்த விலையில் கூடுதலான மக்களுக்குக் கொடுப்பதே அவர்களது நோக்கம்.

இன்று அக்கதிரையின் அனுமதி பெற்ற தயாரிப்பு ஐரோப்பாவில் பல நூறு யூரோ. சாதாரண குடும்பங்களுக்கென நினைத்தது வசதியுள்ளோரின் பொருளாகிவிட்டது. மலிவான பிரதிகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரித்தானியாவில் இத்தகைய வடிவங்களுக்கு 25 ஆண்டுப் பாதுகாப்பே இருந்தது. 2016இல் அது வடிவமைப்பாளரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் என்று மாறியது. ரே ஈம்ஸ் 1988இல் காலமானவர். ஆகவே அவரது உரிமை 2058 வரை நீடிக்கும். 2024 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும், நெதர்லாந்துக் கடையொன்று விற்ற ஈம்ஸ் பாணிக் கதிரை பற்றிய வழக்கில், அமெரிக்க வடிவம் என்பதற்காகப் பாதுகாப்பைக் குறைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

இவ்விடயங்களை எழுதும்போது சிலர் விலையை மட்டுமே பேசுகிறார்கள். வேறு சிலர் கம்பனியின் பக்கம் நின்று, பிரதியை வாங்குபவரையே இழிவாகப் பேசுகிறார்கள். பணமில்லாதவள் மலிவான கதிரை வாங்குவது குற்றமல்ல. அவளுக்கு வேண்டியது, அது என்ன பொருளால் ஆனது, எத்தனை காலம் தாங்கும் என்ற தகவலே.

இன்னொன்றும் உண்டு. 1956இல் ஈம்ஸ் தம்பதியர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது, ரே கணவருக்கு உதவும் மனைவியாகவே அறிமுகப்படுத்தப்பட்டார். 1928இல் உருவான புகழ்பெற்ற சாய்வுக் கட்டிலில் சார்லொட் பெரியாந் என்ற பிரெஞ்சுப் பெண்ணின் உழைப்பு உண்டு. ஆயினும் நெடுங்காலம் அது லெ கோர்புசியேயின் படைப்பு என்றே எழுதப்பட்டது. பிரதி செய்வதைத் திருட்டு என்று எழுதும் பேனா, ஒரு பெண்ணின் பெயரை விட்டுவிடுவதை என்னவென்று சொல்லும்?

பன்னவேலையும் தையலும் செய்யும் எமக்கும் இதில் பாடம் உண்டு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு புதிய வடிவத்தைப் பதிவு செய்யலாம். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். இரு தடவை புதுப்பித்தால் மொத்தம் 15 ஆண்டுகள். வடிவம் புதியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனவே கண்காட்சியில் வைப்பதற்கு முன்பே, பத்திரிகைக்குப் படம் கொடுப்பதற்கு முன்பே, தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விசாரியுங்கள்.

உங்கள் கைவேலையைப் படம் எடுக்க யாராவது வந்தால், தயங்காமல் ஒன்றைக் கேளுங்கள்: "படத்தின் கீழே என் பெயரையும் போடுவீர்களா?"