தடை நமக்கு அளித்த ஓய்வு

ஜாகிர் நாயக்கைப் பற்றி நம் கல்விப்புலத்தில் இரண்டே நிலைப்பாடுகள் புழங்குகின்றன. அவர் பயங்கரவாதத்தின் ஊற்று, ஆகவே பேச ஒன்றுமில்லை என்பது ஒன்று. அவர் அரசின் இலக்கு, ஆகவே இந்நேரத்தில் விமர்சிக்கலாகாது என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் அவருடைய பேச்சை ஆராயும் பொறுப்பிலிருந்து நம்மை விடுவிக்கின்றன.

முதல் நிலைப்பாட்டின் அடித்தளம் உறுதியானதன்று. 2016 ஜூலையில் டாக்காவில் நிகழ்ந்த தாக்குதலில் ஈடுபட்டோருள் ஒருவர் நாயக்கின் பேச்சைப் பகிர்ந்தவர் என்ற செய்தியை அடுத்து வங்கதேசம் பீஸ் டிவியைத் தடைசெய்தது. தாக்குதலைத் தூண்டியவர் அவரே என்று தான் எழுதவில்லை என அந்நாளிதழே பின்னர் விளக்கமளித்தது. அவ்வாண்டு நவம்பரில் அவருடைய இஸ்லாமிக் ரிசர்ச் ஃபவுண்டேஷனை இந்திய அரசு ஊபா சட்டத்தின்கீழ்த் தடைசெய்து, 2021இல் தடையை நீட்டித்தது. கேரள இளைஞர்கள் தொடர்பான வழக்கில் கைதான அந்நிறுவன ஊழியர் ஒருவரை 2022இல் மும்பைச் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது. நாயக்கோ மலேசியாவில் இருக்கிறார். அவர்மீதான குற்றச்சாட்டுகள் இங்கே விசாரித்து முடிக்கப்படவில்லை. தீர்ப்பு வராத வழக்கை ஆய்வு முடிவாக எழுதுபவர் ஆய்வாளர் அல்லர்.

ஆனால் இரண்டாம் நிலைப்பாட்டினரிடம் கேட்கிறேன்: குற்றவாளி என்று நிறுவப்படாதவரின் கருத்துகள் அதனாலேயே சரியாகிவிடுமா?

அவருடைய ஈர்ப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவருக்கு முன்மாதிரியான அகமது தீதாத், தென்னாப்பிரிக்காவில் கடைச் சிப்பந்தியாக இருந்தபோது கிறித்துவ மறைப்பணி மாணவர்களின் சீண்டலுக்கு விடைதேடி விவாதக் கலைக்கு வந்தவர். மும்பை மருத்துவரான நாயக் 1991இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பாபர் மசூதி இடிக்கப்பட்டது. தலைகுனிய வைக்கப்பட்ட ஓர் இளந்தலைமுறைக்குக் கோட்டும் டையும் அணிந்து ஆங்கிலத்தில், அதிகார எண்ணும் வசன எண்ணும் பிசகாமல் ஒப்பித்த மனிதர் தன்மதிப்பின் உருவமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

அந்தத் தன்மதிப்புக்கு அவர் கொடுத்த சரக்கைத்தான் நாம் ஆராய வேண்டும். சில இஸ்லாமிய நாடுகளில் பிற மதத்தாரின் வழிபாட்டிடங்களுக்கு ஏன் இடமில்லை என்ற கேள்விக்கு அவர் சொல்லும் விடை பலரும் அறிந்தது: இரண்டும் இரண்டும் மூன்று என்று கற்பிப்பவரைக் கணித ஆசிரியராக நியமிப்பீர்களா? கைதட்டலைப் பெற்றுத்தரும் இவ்வுவமை, வழிபாட்டை விடைத்தாளாகவும் ஆட்சியாளரைத் தேர்வாளராகவும் ஆக்கிவிடுகிறது.

இந்தக் கணக்கை மட்டாஞ்சேரியில் போட்டுப் பாருங்கள். 1568இல் கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே யூதர்களுக்குத் தொழுகைக் கூடம் கட்ட நிலம் கொடுத்தார். நடந்து கடக்கும் தொலைவில் கொங்கணியரின் கோயில், சமணர் ஆலயம், கச்சி மேமன்களின் பள்ளிவாசல். நாயக்கின் உவமையை அந்த அரசர் ஏற்றிருந்தால் இவற்றுள் எத்தனை எழுந்திருக்கும்? பள்ளிவாசலுந்தான் எழுந்திராது. பெரும்பான்மையின் கையில் இதே உவமை எந்த ஆயுதமாக மாறும் என்பதை இன்றைய இந்தியாவில் விளக்கத் தேவையில்லை.

அவருடைய முறையியலுக்கான மறுப்பும் இதே மண்ணில் இருக்கிறது. தமிழகக் கடற்கரையிலிருந்து கொச்சிக்கு வந்த குடும்பத்தில், 1467இல் இங்கே பிறந்தவர் முதலாம் ஜைனுத்தீன் மக்தூம். பின்னர் பொன்னானியை அறிவுநகராக்கிய மரபு அவருடையது. அவருடைய பேரர் எழுதிய ஃபத்ஹுல் முஈன் என்னும் ஷாஃபி சட்டநூல், அவரே இயற்றிய மூலத்துக்கு அவரே வரைந்த உரை. அதற்கும் மக்காவில் உரை எழுந்தது. மலாய் உலகம் வரை பாடநூலாகச் சென்றது. மூலம், உரை, உரைக்கு உரை என்று வளரும் அறிவு தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. அங்கே கருத்து வேறுபாடு கற்றலின் பகுதி. மேடையிலோ வசன எண் சொல்லப்பட்டதும் நூல் வாசிக்கப்பட்டதாகிவிடுகிறது. தேவ்பந்த் அறிஞர்கள் அவரை நம்பத்தக்க வழிகாட்டியாக ஏற்க மறுத்ததன் காரணம் இதுவே. அவர்களை அரசின் கைப்பாவைகள் என்று யாரும் சொல்ல முடியாது.

ஃபத்ஹுல் முஈன் சென்ற மலேசியாவில் நாயக் செய்தது என்ன? 2019 ஆகஸ்டில் கோத்தா பாருவில், அந்நாட்டு இந்துக்களின் விசுவாசத்தை ஐயுற்றார். தம்மை வெளியேற்றுமுன் பழைய விருந்தாளிகளான சீனர்கள் வெளியேறட்டும் என்றார். அந்த இந்துக்களுள் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளராகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள். எதிர்ப்பு எழுந்தபின் வருத்தம் தெரிவித்தார். இந்திய முஸ்லிம்களிடம் நாள்தோறும் கேட்கப்படும் அதே விசுவாசக் கேள்வியை, அக்கேள்வியால் காயப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர் இன்னொரு சிறுபான்மையிடம் கேட்டார். இதைக் கண்டிக்கத் தயங்குவது ஒருமைப்பாடு ஆகாது.

தடை அலைவரிசையை நிறுத்தியது. காணொளித் துணுக்குகள் நம் விடுதி அறைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் மாணவருக்கு அரசு தருவது அச்சம், நாம் தருவது மௌனம். அத்துணுக்குகளை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள். அவர் ஒப்பிக்கும் வசனத்தின் முன்னும் பின்னும் உள்ளதைச் சேர்த்து வாசியுங்கள்; மக்தூம்களின் உரையை அருகே வையுங்கள். தடையை எதிர்க்கும் உரிமை, மறுப்பை எழுதியவருக்கே முழுமையாக உண்டு.