குறி தவறினால் கணக்கு யாருக்கு?

 

1988 டிசம்பர் 11 அன்று ஹவாய்த் தீவுகளின் அருகே அமெரிக்கக் கடற்படை பயிற்சி நடத்தியது. போர் விமானமொன்று ‘ஹார்ப்பூன்’ ஏவுகணையைச் செலுத்தியது. ஏவியபின் வழிநடத்த ஆள் வேண்டாத ஆயுதம் அது. கடல்மட்டத்தை ஒட்டித் தாழப் பறந்து சென்று, தன் ரேடாரால் கப்பலைத் தேடிப் பற்றிக்கொள்ளும். அன்று அது பற்றியதோ பயிற்சிக்கென வைத்த இலக்கையன்று. எச்சரிக்கை அறிவிப்புக் கிடைக்குமுன்பே துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு, அப்பகுதிக்குள் வந்துவிட்ட ‘ஜக்விவேக்’ என்னும் இந்திய வணிகக் கப்பலை! ஏவுகணையின் முனையில் வெடிமருந்து இல்லை. எனினும் மாலுமி ஒருவர் மாண்டார்.

ஏவியவர் அக்கப்பலை நாடவில்லை. ஏவுகணைக்கோ நாட்டம் என்பதே இல்லை. அவ்வாறாயின் அந்த உயிருக்குப் பொறுப்பாளி யார்?

இக்கேள்வி இன்று பன்மடங்கு பெரிதாகிவிட்டது. பல கப்பல்களுக்கிடையே தன் இலக்கை இனங்காணும் ‘எல்.ஆர்.ஏ.எஸ்.எம்.’ ஏவுகணை, 2018இல் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்தது. இயந்திரத்திற்குக் கோபமில்லை, பழிவெறியில்லை. ஆகவே அது மனிதனைவிட நிதானமாகப் போரிடும் என்பர் இத்தகைய ஆயுதங்களை ஆதரிப்போர். மெய்தான். ஆனால் அதற்கு இரக்கமும் இல்லை, இறையச்சமும் இல்லை. ஷாம் தேசத்திற்குப் படையனுப்பிய கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள், பெண்களையும் சிறுவரையும் முதியோரையும் கொல்லலாகாது எனத் தளபதிக்குக் கட்டளையிட்டார்கள். அதைச் செவியேற்றவர் மறுமைக்கு அஞ்சும் மனிதர்.

தவறுதலாக நேரும் கொலையையும் ஷரீஅத் கணக்கின்றி விடுவதில்லை. சூரத்துன் நிஸாவின் 92ஆம் வசனம் அதற்குரிய பரிகாரத்தை விதிக்கிறது. வாரிசுகளுக்கு நஷ்டஈடு அளிக்கவேண்டும். அடிமையை விடுதலை செய்யவேண்டும். அதற்கு வசதியற்றவர் தொடர்ந்து இரு மாதங்கள் நோன்பு நோற்கவேண்டும். கருதாமல் செய்த கொலையாயினும், கலங்கி நிற்கவும் தவ்பா செய்யவும் ஒரு மனிதன் வேண்டும் என்பதன்றோ இதன் பாடம்?

ஏவுகணை நோன்பு நோற்குமா? ‘இயந்திரம் பிழைத்தது’ என்று கூறி அதனை வடிவமைத்தவரும், ஏவ ஆணையிட்டவரும், ஆட்சியாளரும் கைகழுவிவிட்டால், மாண்டவரின் வாரிசு எவர் வாசலில் போய் நிற்பார்?

2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இவ்வாயுதங்கள் குறித்துக் கவலை தெரிவித்துத் தீர்மானம் இயற்றியது. 152 நாடுகள் ஆதரித்தன. நம் இந்தியா உட்பட 4 நாடுகள் எதிர்த்தன. எனினும் தீர்மானம் தடைச்சட்டம் ஆகிவிடாது.

பெற்றோர்களே! கணினியும் பொறியியலும் பயிலும் நம் பிள்ளைகள் நாளை இத்தகைய கருவிகளுக்கும் அறிவூட்டக்கூடும். தாம் ஆக்கிய பொருள் செய்யும் செயலுக்கும் மஹ்ஷரில் கேள்வி உண்டு என்பதை இன்றே அவர்களுக்கு எடுத்துரையுங்கள்.

பயனுள்ள கல்வியையும், அதனை அஞ்சிப் பயன்படுத்தும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக! ஆமீன்.